வழக்கொழிந்த நெறிமுறைகள்

கருவிகள் பழுதுறுவது இயல்பு; வழக்கொழிவதும் இயல்பே. ஏற்றம் இறைத்த கிணறுகளில் இன்று மின்பொறிகள் நீர் இறைக்கின்றன. ஏற்றத்தின் தூண்கள் கிணற்றருகே எஞ்சி நின்றாலும் அவற்றால் யாருக்கும் பெருந்தீங்கு விளைவதில்லை. ஆனால், வழக்கொழிந்த பொருள் ஒன்று, பலரும் நாள்தோறும் பயன்படுத்தும் கருவியின் உள்ளே, கண்ணுக்குப் புலனாகாத இடத்தில் தங்கியிருக்குமாயின், அதனை அவ்வாறே விட்டுவைத்தல் தகுமா? கணினித் துறையில் இவ்வினா அடிக்கடி எழுகின்றது. அதற்கு அறிஞர்கள் கண்ட விடையை லினக்ஸ் கெர்னலின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

கணினியின் பொறியுறுப்புகளையும், அதில் ஓடும் மென்பொருள்களையும் இணைத்து ஆள்வது இயங்குதளம். அதன் நடுவே அமைந்த பகுதிக்குக் கெர்னல் என்பது பெயர். கொட்டையினுள் இருக்கும் பருப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இப்பகுதிக்குப் பெயராயிற்று. நினைவகத்தைப் பல மென்பொருள்களுக்கும் பங்கிட்டு அளித்தல், கோப்புகளைக் காத்தல், பிற கணினிகளுக்குச் செய்தி அனுப்பிப் பெறுதல் முதலியன கெர்னலின் கடமைகள். மற்ற மென்பொருள்கள் தமக்கு வகுக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே இயங்க வேண்டும். கெர்னலுக்கோ அத்தகைய எல்லை இல்லை. கணினி முழுவதும் அதன் ஆட்சிக்கு உட்பட்டது. ஆகவே, சாதாரண மென்பொருளில் ஒரு பிழை நேர்ந்தால் பெரும்பாலும் அம்மென்பொருள் மட்டுமே நின்றுபோகும். கெர்னலில் பிழை நேர்ந்தாலோ கணினி முழுவதும் செயலற்றுப் போகலாம். அன்றி, அதன் ஆட்சி தீயோர் கைக்கு மாறிவிடவும் கூடும்.

லினக்ஸ் கெர்னலைத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது அவர் அதனை எழுதி வெளியிட்டார். முதற்பதிப்பில் இருந்தவை ஏறத்தாழ 10,000 வரிகளே. அதனை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்ற உரிமை விரைவில் அளிக்கப்பட்டமையால் உலகின் பல பகுதிகளிலிருந்தும் அறிஞர்கள் அப்பணியில் இணைந்தனர். 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன் வரிகள் 2 கோடியே 70 இலட்சத்தைக் கடந்துவிட்டன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இருப்பதும், இணையத்தின் பெருங்கணினிகளிற் பலவற்றை இயக்குவதும் அந்தக் கெர்னலே.

கணினிகள் ஒன்றோடொன்று உரையாடுவதற்கு முன்னரே வகுத்துக்கொள்ளும் விதிகளின் தொகுதியை நெறிமுறை என்பர். அஞ்சல் துறையை இதற்கு உவமையாகக் கூறலாம். உறையின் மேல் பெறுவோர் முகவரியை எங்கு எழுத வேண்டும், அஞ்சல் எண்ணில் எத்தனை இலக்கங்கள் இருக்க வேண்டும், உரியவர் கிடைக்காவிடின் கடிதத்தை என் செய்வது என்பனவெல்லாம் முன்பே வரையறுக்கப்பட்டிருப்பதால்தான் கடிதம் உரிய இடம் சேர்கின்றது. கணினிகள் அனுப்பும் செய்தியும் இவ்வாறே சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் முகவரி இடப்பட்டுச் செல்கின்றது. அனுப்பும் கணினியும் பெறும் கணினியும் ஒரே நெறிமுறையைப் பின்பற்றாவிடின் அவை ஒன்றன் மொழியை மற்றொன்று அறியா.

இன்று பெரும்பாலான கணினிகள் டி.சி.பி. - ஐ.பி. என்னும் இணைய நெறிமுறைகளையே பின்பற்றுகின்றன. 1970-களிலும் 1980-களிலும் நிலைமை வேறாக இருந்தது. அக்காலத்தில் கணினி செய்யும் நிறுவனம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நெறிமுறையை வகுத்துக்கொண்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் 1975-ஆம் ஆண்டில் டெக்நெட் என்பதை வெளியிட்டது. ஐ.பி.எம். நிறுவனம் 1985-ஆம் ஆண்டில் டோக்கன் ரிங் என்னும் முறையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஆப்பிள்டாக் பரவத் தொடங்கியது. நாவெல் நிறுவனத்தின் ஐ.பி.எக்ஸ். நெறிமுறை அலுவலகக் கணினிகளிடையே பெருவழக்காயிருந்தது. 1993-ஆம் ஆண்டில் வெளிவந்த டூம் என்னும் புகழ்பெற்ற கணினி விளையாட்டைப் பலர் சேர்ந்து ஆடுவதற்கும் அதுவே துணை செய்தது. இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் வகுத்த எகோநெட் என்பது அந்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் இருந்த சிறு கணினிகளை இணைத்தது. வகுப்பறையின் கணினிகள் பலவும் ஒரே வட்டியக்கியையும் ஒரே அச்சுப்பொறியையும் பங்கிட்டுக்கொள்ள அஃது உதவிற்று.

இவற்றுள் ஒவ்வொன்றும் அறிவு நுட்பம் வாய்ந்ததே. டோக்கன் ரிங் முறையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் கணினிகள் ஒரு வளையம்போல் இணைக்கப்பட்டிருக்கும். டோக்கன் என்னும் சிறு அடையாளக் குறி ஒன்று அவ்வளையத்தைச் சுற்றிவந்துகொண்டே இருக்கும். அக்குறி எந்தக் கணினியின் கையில் உள்ளதோ அஃது ஒன்றே செய்தி அனுப்பலாம். ஏனையவை காத்திருக்க வேண்டும். இதனால் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசிச் செய்திகள் மோதிக் குழம்பும் நிலை ஏற்படுவதில்லை. எனினும், ஈதர்நெட் என்னும் மற்றொரு முறை விலையிற் குறைந்ததாகவும், நிறுவுவதற்கு எளியதாகவும், பின்னர் விரைவில் மிக்கதாகவும் வளர்ந்தமையால் டோக்கன் ரிங் வழக்கிழந்தது.

டெக்நெட் மறைந்தமைக்கு அதன் முகவரி அமைப்பின் குறுக்கமும் ஒரு காரணம். பெரிதும் வழங்கிய அதன் நான்காம் நிலைப் பதிப்பில் கணினியின் முகவரி 16 இரும இலக்கங்களால் ஆனது. அவற்றுள் 6 இலக்கங்கள் வட்டாரத்தையும், 10 இலக்கங்கள் அவ்வட்டாரத்திலுள்ள கணினியையும் குறித்தன. ஆகவே 63 வட்டாரங்களும், வட்டாரம் ஒன்றுக்கு 1,023 கணினிகளுமாக மொத்தம் 64,449 கணினிகளுக்கே அதில் இடம் இருந்தது. ஒரு நிறுவனத்திற்கு இது போதும், உலகிற்குப் போதாது. இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்போ 32 இரும இலக்கங்களை உடையது. அதனால் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளை அமைக்க முடிந்தது. அதுவும் போதாதென்று கண்டு பின்னர் 128 இலக்கங்கள் கொண்ட ஆறாம் பதிப்பை வகுத்தனர்.

இணைய நெறிமுறைகள் வென்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவை எந்த நிறுவனத்தின் தனியுடைமையாகவும் இருக்கவில்லை. வின்டன் செர்ப், ராபர்ட் கான் என்னும் அறிஞர் இருவர் 1974-ஆம் ஆண்டில் அவற்றின் அடிப்படைகளை ஒரு கட்டுரையில் வெளியிட்டனர். 1983-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பு தன் பழைய நெறிமுறையைக் கைவிட்டு இவற்றை ஏற்றது. விதிகள் யாவர்க்கும் திறந்திருந்தமையால் எந்த நிறுவனம் செய்த கணினியும் அவற்றைப் பின்பற்ற முடிந்தது. நாளடைவில் நாவெல் நிறுவனமே தன் மென்பொருளின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்பில் இணைய நெறிமுறைகளைத் தலைமையாக ஏற்றுக்கொண்டது. ஆப்பிள் நிறுவனம் 2009-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆப்பிள்டாக்கை நீக்கிவிட்டது.

இனி, இப்பழைய நெறிமுறைகள் லினக்ஸ் கெர்னலுள் புகுந்த காரணத்தை அறிதல் வேண்டும். லினக்ஸ் வளர்ந்துவந்த 1990-களில் அலுவலகங்களில் நாவெல் கணினிகளும், ஆப்பிள் கணினிகளும், டிஜிட்டல் நிறுவனத்தின் கணினிகளும் நிறைந்திருந்தன. புதிதாக வந்த லினக்ஸ் அவற்றோடு உரையாட இயலாதாயின் அதனை யாரும் வீட்டினுள் சேர்த்திரார். ஆகவே, ஆர்வலர்கள் தத்தமக்குத் தேவையான நெறிமுறையைத் தாமே எழுதிக் கெர்னலில் சேர்த்தனர். பல மொழி அறிந்த துபாஷிபோல் லினக்ஸ் விளங்கியது. அதன் வளர்ச்சிக்கு இப்பண்பு பெருந்துணையாயிற்று.

ஆண்டுகள் கழிந்தன. அந்நெறிமுறைகளைப் பேசிய பழைய கணினிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவற்றுக்கென எழுதப்பட்ட நிரல் வரிகள் மட்டும் கெர்னலில் தங்கின. அவை அங்கே வாளா கிடந்தால் கேடு என்ன என்று சிலர் கருதலாம். கேடு இரண்டு வகையில் விளைகின்றது.

முதலாவது, பேணும் உழைப்பு. கெர்னல் கட்டி முடிக்கப்பட்ட கோயில் அன்று, நாள்தோறும் மாறிவருவது. வலையமைப்பின் நடுப்பகுதியில் ஒரு மாற்றம் செய்தால், அதனைச் சார்ந்துள்ள நெறிமுறைகள் யாவற்றிலும் அதற்கேற்பத் திருத்தம் செய்தாக வேண்டும். பயன்படுத்துவோர் எவரும் இல்லாத நெறிமுறையையும் இதிலிருந்து விலக்க முடியாது. திருத்தியவரிடமோ அதனைச் சோதித்துப் பார்க்கத்தக்க பழைய கணினி இராது. பிழையின்றித் தொகுக்கப்படுகின்றதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு, உண்மையில் இயங்குகின்றதா என்பதை அறியாமலே அவர் அடுத்த பணிக்குச் செல்ல நேர்கின்றது. இவ்வாறு பல கைகள் பட்டும் யாரும் ஓட்டிப்பாராத நிரல், காலப்போக்கில் உள்ளுக்குள்ளே சிதைந்துவிடுகின்றது.

இரண்டாவது, பாதுகாப்பு. இது முதலாவதினும் பெரிது. கெர்னலின் பல பகுதிகள் எப்போதும் நினைவகத்தில் இருப்பதில்லை, தேவைப்படும்போதே ஏற்றப்படுகின்றன. ஒரு மென்பொருள், குறிப்பிட்ட நெறிமுறையில் தொடர்பு வேண்டும் என்று கேட்டால், கெர்னல் உரிய பகுதியைத் தானே தேடி ஏற்றிக்கொள்ளும். கேட்பவர் கணினியின் தலைவராக இருக்க வேண்டும் என்னும் நியதி பொதுவாக இல்லை. ஆதலால், வழக்கொழிந்த நெறிமுறையை எவரும் பயன்படுத்தாவிடினும், தீய நோக்குடைய ஒருவர் அதனைத் துயிலெழுப்ப முடியும். பூட்டிய பெருவாயிலை நம்பி உறங்கும் வீட்டில், யாரும் நினையாத புழைக்கடைக் கதவு தாழில்லாமல் இருப்பதைப் போன்றது இது.

இவ்வச்சம் வெறும் கற்பனையன்று. 2010-ஆம் ஆண்டில் லினக்ஸ் கெர்னலின் எகோநெட் பகுதியில் சில பிழைகள் கண்டறியப்பட்டன. முகவரியே கொடாமல் செய்தி அனுப்புமாறு கேட்டால் கெர்னல் நிலைகுலைந்தது. இஃது ஒரு பிழை. தலைவர் மட்டுமே செய்யத்தக்க ஒரு செயலைச் சாதாரணப் பயனரும் செய்ய முடிந்தது, இது மற்றொன்று. கெர்னலின் வேறோர் இடத்திலிருந்த மூன்றாவது பிழையையும் இவற்றோடு சேர்த்தபோது, சாதாரணப் பயனர் ஒருவர் கணினி முழுவதற்கும் தலைவராகிவிடலாம் என்பது அவ்வாண்டு டிசம்பரில் மெய்ப்பிக்கப்பட்டது. தனித்தனியே நோக்கின் சிறியவையாகத் தோன்றிய பிழைகள் ஒன்றுகூடிப் பெருந்தீங்கிற்கு வழி வகுத்தன. அவ்வாறு தாக்கப்படக்கூடிய நிலையில் இருந்த கணினிகளின் உரிமையாளரிற் பலர் எகோநெட் என்னும் பெயரையே கேட்டிருக்கமாட்டார்கள். முப்பதாண்டுகளுக்கு முன் பள்ளிச் சிறுவர்களுக்கு உதவிய ஒரு நெறிமுறை, அதனை ஒருபோதும் கண்டிராதவர்களுக்கு இடையூறாக வந்து நின்றது.

2017-ஆம் ஆண்டிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. டி.சி.சி.பி. என்பது ஒலி, காட்சி முதலியவற்றை அனுப்புவதற்கென வகுக்கப்பட்ட நெறிமுறை. 2005-ஆம் ஆண்டில் அது கெர்னலில் சேர்க்கப்பட்டது. எதிர்பார்த்த அளவிற்கு அது பரவவில்லை. அதன் நிரலில் இருந்த பிழையொன்று பத்தாண்டுகளுக்கு மேலாக எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. பலர் புழங்கும் பாதையில் கிடக்கும் முள் விரைவில் அகற்றப்படும். ஆள் நடமாட்டமற்ற பாதையில் முள் கிடந்தால் யார் அறிவார்? கெர்னலுக்குப் பொருளற்ற வேண்டுகோள்களை இடைவிடாது அனுப்பிச் சோதிக்கும் தானியங்கு கருவி ஒன்றே இறுதியில் அதனை வெளிப்படுத்தியது.

இக்காரணங்களால் கெர்னலைப் பேணுவோர் பழைய நெறிமுறைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக விடை கொடுத்தனர். 2012-ஆம் ஆண்டில் டோக்கன் ரிங்கும் எகோநெட்டும் நீக்கப்பட்டன. 2018-ஆம் ஆண்டில் ஐ.பி.எக்ஸ். நீங்கியது, அகச்சிவப்புக் கதிரால் செய்தி அனுப்பும் ஐ.ஆர்.டி.ஏ. என்பதும் அதனுடன் நீங்கியது. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 6.1 பதிப்பில் டெக்நெட் இல்லை. 2025-ஆம் ஆண்டில் வெளிவந்த 6.16 பதிப்பில் டி.சி.சி.பி. நீக்கப்பட்டது.

ஆயினும், இந்நீக்கம் மனம்போன போக்கில் செய்யப்பட்டதன்று. ஒழுங்காக இயங்கிவரும் பயனரின் மென்பொருளைக் கெர்னலின் மாற்றங்கள் கெடுக்கலாகாது என்பது டோர்வால்ட்ஸ் நெடுங்காலமாக வற்புறுத்திவரும் கொள்கை. ஒரு நெறிமுறையை எடுத்துவிட்டால், அதனை நம்பியுள்ளவர் எங்கேனும் ஒருவர் இருப்பாராயின், அவருக்கு அன்று முதல் புதிய கெர்னல் பயன்படாது. ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் பழங்கணினிகள் பல்லாண்டுகள் உழைப்பதுண்டு. அவற்றின் உரிமையாளர் எண்ணிக்கையில் சிலரே என்பதால் அவர்தம் தேவை பொய்யாகிவிடாது. ஒருபுறம், சிலருடைய பயன். மறுபுறம், பலருடைய பாதுகாப்பு. இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பதே பேணுவோரின் கடமையாகின்றது.

இதற்காக அவர்கள் சில முறைகளைக் கையாளுகின்றனர். ஒரு நெறிமுறையை நீக்குவதற்கு முன் அக்கருத்தைப் பலரும் அறிய வெளியிட்டு, பயன்படுத்துவோர் உளரா என்று வினவுகின்றனர். ஐ.பி.எக்ஸ்., ஐ.ஆர்.டி.ஏ. ஆகியவற்றை 2017-ஆம் ஆண்டில் முதலில் கெர்னலின் புறப்பகுதி ஒன்றுக்கு மாற்றிவைத்தனர். குறை கூறி வருவோர் இல்லை எனக் கண்ட பின்னரே முற்றும் நீக்கினர். டி.சி.சி.பி.யைப் பயன்படுத்த முயல்வோருக்கு, அது 2025-ஆம் ஆண்டில் நீக்கப்படும் என்னும் எச்சரிக்கை 2023-ஆம் ஆண்டிலேயே கெர்னலில் சேர்க்கப்பட்டது. குடியிருப்போருக்கு முன்னறிவிப்புக் கொடுத்த பின்னரே பழங்கட்டடத்தை இடிப்பது போன்ற நேர்மை இதில் உள்ளது.

வினவும்போது உரியவர் முன்வருவதும் உண்டு. 1976-ஆம் ஆண்டில் உலகப் பொது விதியாக வெளியிடப்பட்ட எக்ஸ்.25 என்னும் நெறிமுறை ஒரு காலத்தில் வங்கிகளுக்கும் வானூர்தி நிறுவனங்களுக்கும் பெரிதும் பயன்பட்டது. பின்னர் அதன் வழக்கு அருகிவிட்டது. எனினும், அதனைத் தம் தொழிலிற் பயன்படுத்திவந்த பொறியாளர் ஒருவர் 2020-ஆம் ஆண்டில் லினக்ஸில் அதனைப் பேணும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். ஒரு நெறிமுறை நிலைப்பதும் மறைவதும் அதன் வயதைப் பொறுத்தனவல்ல. அதனைப் பயன்படுத்திப் பேணுவோர் இருக்கின்றனரா என்பதைப் பொறுத்தனவே என்பதற்கு இது சான்று.

நீக்குதல் என்பது அழித்தலும் அன்று. 2005-ஆம் ஆண்டு முதல் லினக்ஸ் கெர்னலில் செய்யப்படும் மாற்றங்கள் யாவும் கிட் என்னும் பதிவு முறையில் வரிசையாகக் காக்கப்படுகின்றன. நீக்கப்பட்ட டெக்நெட்டையோ ஐ.பி.எக்ஸ்-ஐயோ ஆராய விரும்பும் மாணவர் இன்றும் அதன் வரிகளை அப்பதிவேட்டில் எடுத்துப் படிக்கலாம். பழங்கணினியைக் காட்சிக்கு வைத்திருப்போர் பழைய கெர்னலை இணையத்தோடு இணையாத கணினியில் இயக்கிக்கொள்ளலாம். சில நெறிமுறைகளைக் கெர்னலுக்கு வெளியே சாதாரண மென்பொருளாக எழுதுவதும் இயலும். அவ்வாறு செய்யின், அதில் பிழை நேர்ந்தாலும் கெர்னலின் ஆட்சி பெரும்பாலும் கெடாமற் காக்கப்படும். நாள்தோறும் புழங்கும் கூடத்திலிருந்து பழம்பொருளை எடுத்து, ஏடு காக்கும் அறையில் வைப்பதற்கு இது நிகராகும்.

பெரும் படைப்பொன்றைக் காப்போர்க்குச் சேர்க்கும் திறன் மட்டும் போதாது. தக்க காலத்தில் குறைக்கும் துணிவும் வேண்டும். அத்துணிவு இரக்கமற்றதாக இருத்தலும் கூடாது. இன்னும் யாருக்குப் பயன்படுகின்றது என்று முதலில் வினவுதல், முன்னறிவிப்புக் கொடுத்துக் காத்திருத்தல், எடுத்ததைப் பதிவேட்டில் பாதுகாத்தல் ஆகிய மூன்றும் அத்துணிவிற்குத் துணையாக நிற்க வேண்டும். இன்று உலகெங்கும் வழங்கும் நெறிமுறைகளும் ஒருநாள் பழையன ஆகலாம். அன்று அவற்றுக்கு விடை கொடுப்போரும் இம்மூன்றையும் மறவாதிருத்தல் நலம்.